ஏழு தலைமுறைக் காத்திருப்பு

1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை நண்பகல். ஜப்பான் நாட்டு நாகசாகித் துறைமுகத்தில், ஓவுரா என்னும் மேட்டின்மீது புதிதாகக் கட்டப்பெற்றிருந்த ஒரு மாதா கோவிலின் வாயிலில் ஆடவரும் மகளிரும் சிறுவருமாக ஏறக்குறையப் பதினைந்து பேர் வந்து நின்றனர். உடையைப் பார்த்தால் உழவர்கள். அக்கோவில் வெளிநாட்டு வணிகர்களின் வழிபாட்டுக்கென்று பிரெஞ்சுக் குருமார் கட்டியது. ஊரார் அதனைப் பிரெஞ்சுக் கோவில் என்று அழைத்து, வேடிக்கை பார்க்க வருவதுண்டு. ஜப்பானியர் எவரும் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவலாகாது என்ற சட்டம் அன்று நடப்பில் இருந்தது. மீறினால் மரண தண்டனை.

பெர்னார்டு பெத்தீழான் என்ற குருவானவர் கதவைத் திறந்து விட்டுப் பீடத்தின்முன் சென்று முழந்தாளிட்டார். சிறிது நேரத்தில் வயதில் முதிர்ந்த பெண்ணொருத்தி அவர் அருகே வந்து, நெஞ்சில் கைவைத்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என மெல்லிய குரலில் தெரிவித்தாள். எந்த ஊர் என்று அவர் வினவ, அருகிலுள்ள உரகாமி என்றும், அங்கே ஏறக்குறைய எல்லோருமே தம்மைப் போன்றவர்களே என்றும் விடை வந்தது. பின்னர் அவள் கேட்டது ஒன்றுதான்: சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே இருக்கிறது? சுரூபத்தின்முன் அழைத்துச் சென்றபோது, அவர்கள் மாதாவையும் குழந்தையையும் கண்டு மகிழ்ந்ததோடு நில்லாமல், தாங்கள் அப்போது துக்க காலத்தை அனுசரித்து வருவதாகவும், அன்று அதன் பதினேழாம் நாள் என்றும் கூறினர். அவ்வாண்டின் திருநீற்றுப் புதன் மார்ச்சு முதல் தேதி. நேயர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். கணக்குச் சரியாகவே இருக்கிறது.

ஜப்பானின் கடைசிக் குருவானவர் கொல்லப்பட்டது 1644ஆம் ஆண்டில். அன்றுதொட்டு இருநூற்றிருபது ஆண்டுகளாக ஒரு குரு இல்லை; ஒரு கோவில் இல்லை; அச்சிட்ட ஒரு நூல் கையில் வைத்திருக்க இயலாது. எழுத்தறிவு குறைந்த உழவர்களும் மீனவர்களும் தவக்காலத்தின் நாட்கணக்குத் தவறாமல் அதனைக் காத்து வந்தது எங்ஙனம்?

இக்கதையின் தொடக்கத்திற்கு நம் கடற்கரையோடும் ஓர் உறவு உண்டு. 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அதற்கு முன்னர் 1542 முதல் 1544 வரை தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட முத்துக்குளித்துறையில் பணியாற்றியவர். தமிழ் அவருக்கு எளிதில் கைவரவில்லை. செபங்களைத் தமிழாக்கச் செய்து, தாமே மனப்பாடம் பண்ணி, கைமணியை ஆட்டிக்கொண்டு தெருவழியே சென்று சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். தாம் இல்லாத நாட்களில் செபம் சொல்லித்தரவும், சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். குருவானவர் ஆண்டுக்கொரு முறை வந்தாலும், வாராதொழிந்தாலும், ஊரார் தாமே சமயத்தை நடத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஏற்பாடு அது. ஜப்பானிலும் அவர் வழிவந்த குருமார் ஊர்தோறும் இல்லறத்தாரைக் கொண்ட சபைகளை அமைத்தனர். அச்சபைகளே பிற்காலத்தில் அச்சமயத்தைக் காத்தன.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் மூன்று லட்சம் வரை இருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பு. அதற்குள்ளாகவே அடக்குமுறை தொடங்கிவிட்டது. 1587இல் ஹிதேயோஷி குருமார்களை வெளியேறுமாறு ஆணையிட்டான். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகாக் குன்றில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவர், இன்றைய மும்பைக்கு வடக்கேயுள்ள வசாய் ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா. மற்றொருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 1614இல் தொகுகாவா அரசு நாடு முழுவதும் அச்சமயத்தைத் தடைசெய்தது. குடிமக்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பௌத்த மடத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. ஊர் முகப்பில் அறிவிப்புப் பலகைகள் எழுந்தன. குருவானவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு 500 வெள்ளிக் காசுகள் என்று ஒரு காலத்துப் பலகை கூறுகிறது.

1637இல் ஷிமபாராவில் மூண்ட கிளர்ச்சியைச் சமயப்போர் என்றே பலர் எழுதுகின்றனர். வரிக்கொடுமையே அதன் முதற்காரணம் என்பது என் கருத்து. அக்கொடுமை செய்த சிற்றரசனை அரசாங்கமே பின்னர்த் தலைவாங்கியது இதற்குச் சான்று. எனினும் கிளர்ந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஹாராக் கோட்டையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அக்கோட்டையின்மீது கடலிலிருந்து பீரங்கி கொண்டு சுட்டவர்களுள் வாணிபம் கருதிய டச்சுக்காரரும் இருந்தனர். அவர்களும் கிறிஸ்தவர்களே!

இவ்விடத்தில் என் ஆசிரிய வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடக்குமுறையின் கருவிகளுள் ‘பூமி-எ’ என்பது ஒன்று. ‘மிதிக்கும் படம்’ என்பது அதன் பொருள். கிறிஸ்துவின் உருவமோ மாதாவின் உருவமோ செதுக்கிய தகட்டைத் தரையில் வைத்து, ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி, வீட்டிலுள்ளோர் யாவரும் அதிகாரிகளின் கண்முன்னே அதன்மேல் கால்வைத்துச் செல்ல வேண்டும், நோயாளியையும் விடமாட்டார்கள். தயங்கியவர் பிடிபட்டார். இதனை வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, “ஐயா, மிதித்தவர்கள் துரோகிகள்தாமே?” என்று வினவினான். ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றேன். மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது என்பதன்றி வேறு காரணம் இல்லை. அவ்விடை பிழை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மிதியாதவர்கள் உயிர் துறந்தனர். அவர்களுடைய உறுதிக்குமுன் நான் தலைவணங்குகிறேன். 1633இல் குழியின்மேல் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு இறந்தவர்களுள் நகாவுரா ஜூலியன் என்னும் ஜப்பானியக் குரு ஒருவர். சிறுவயதில் கோவா வழியாகக் கப்பலேறி, 1585இல் உரோமையில் பாப்பரசரைக் கண்டு திரும்பிய நால்வருள் அவரும் ஒருவர். இறக்கும்போது அவருக்கு என் வயது இருக்கும். அதே நாட்களில் அதே குழியில் தொங்கிய போர்த்துக்கீசியத் தலைமைக் குரு பெரைரா, ஏறக்குறைய ஐந்து மணி நேரத்திற்குப்பின் சமயத்தை மறுத்துவிட்டார். இவரை இகழ்வது எளிது. அந்த ஐந்து மணி நேரத்தை நாம் அறியோம்.

ஆனால் 1865இல் ஓவுராக் கோவிலின் வாயிலுக்கு வந்தவர்கள் யாருடைய வழித்தோன்றல்கள்? ஆண்டுதோறும் மிதித்தவர்களின் வழித்தோன்றல்களே. பகலில் தகட்டை மிதித்து விட்டு வந்த குடும்பம், அன்றிரவே கதவடைத்துத் துயரத்தோடு ‘கொன்ச்சிரிசான்’ என்னும் செபத்தைச் சொல்லிற்று. நம் நாட்டுக் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று சொல்வது அதுவே. குருவானவர் இல்லாத காலத்தில், பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது, முழுமையான மனஸ்தாபமே மன்னிப்புக்குப் போதுமானது என்று விளக்கும் சிறு நூலொன்று அடக்குமுறை முற்றுமுன்னரே பரவியிருந்தது. நூல் மறைந்தபின் அது நாவில் நின்றது. ஆண்டுதோறும் தவறு செய்து, ஆண்டுதோறும் வருந்தி, மறுநாள் குழந்தைக்குச் செபம் கற்பித்த தாயைத் துரோகி என்று அழைக்க இன்று எனக்கு நா எழவில்லை. நாகசாகியில் மிதிக்க வைக்கப்பட்ட பித்தளைத் தகடுகள் சில தோக்கியோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள முகங்கள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன.

அவர்கள் அமைத்துக்கொண்ட ஏற்பாடு எளிமையானது. ஊருக்கொரு நாட்காட்டிக்காரர், நோன்புகளும் திருநாட்களும் எந்நாளில் வரும் என்று கணக்கிட்டு வைப்பது அவர் கடமை. ஞானஸ்நானம் கொடுப்பவர் மற்றொருவர். கணித்த நாளை வீடுவீடாகச் சென்று ரகசியமாகச் சொல்லி வருபவர் வேறொருவர். செபங்களை ‘ஒராஷோ’ என்றனர்; ‘ஒராசியோ’ என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு அது. பல சொற்களின் பொருள் காலப்போக்கில் மறந்தே போயிற்று. ஒலி மட்டும் நின்றது. வீட்டு மாடத்தில் கன்னோன் என்னும் பௌத்த தெய்வத்தின் வெண்களிமண் உருவத்தை வைத்து, மனத்தில் மாதாவாகக் கருதி வணங்கினர். வீரசோழியம் பயின்றோர் அறிந்த அவலோகிதரே ஜப்பானில் கன்னோன் ஆயினார். கையில் குழந்தையோடு கூடிய அவ்வுருவம் சோதனையிட வந்தோர் கண்ணுக்குப் பௌத்தம். வீட்டார் கண்ணுக்குப் பெத்லகேம். பௌத்த பிக்கு இறந்தவருக்குச் சடங்கு செய்து சென்றபின், அச்சடங்கை நீக்கும் செபத்தை அடுத்த அறையில் சொல்லி முடித்தனர்.

இவற்றோடு ஒரு முன்னறிவிப்பும் வழிவழியாக வந்தது. பஸ்தியான் என்னும் உபதேசியார் இறக்குமுன் சொன்னதாகக் கூறுவர்: ஏழு தலைமுறைகள் கழியும், அதன்பின் பெரிய கப்பலில் குருமார் வருவர், அன்று வெளிப்படையாகச் செபிக்கலாம். தன் ஆயுளில் வாராது எனத் தெரிந்த ஒன்றுக்காக நாட்களைக் கணக்கிட்டு வந்தவர்கள் இடையிலுள்ள தலைமுறையினர். முதல் தலைமுறைக்குக் குருமாரின் நினைவு இருந்தது. ஏழாம் தலைமுறைக்குக் கப்பல் வந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு என்ன இருந்தது? அவர்கள் காலத்திலும் அச்சம் நீங்கவில்லை. 1657இல் ஓமுரா நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் பிடிபட்டு, நானூறு பேருக்கு மேல் தலைவெட்டப்பட்டனர். உரகாமியில் மட்டும் 1790இலும், 1839இலும், 1856இலும் கைது நடந்தது.

கப்பல் வந்தவுடன் துன்பம் தீர்ந்துவிடவில்லை என்பதுதான் இக்கதையின் கடுமையான பகுதி. குருவானவரைக் கண்ட உரகாமி மக்கள், இனி பௌத்த பிக்குகளைக் கொண்டு இறந்தோரை அடக்கம் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகவே மறுத்தனர். இருநூறு ஆண்டுகளாக ஒளித்தவர்கள் ஒரே நாளில் ஒளிவை விட்டனர். 1867 ஜூலையில் கைது தொடங்கிற்று. ஆட்சி மாறி மேய்ஜி அரசு வந்தும் பலகைகள் இறங்கவில்லை. 1868இலும் 1870இலும், ஊர் முழுவதுமாக, 3,400 பேருக்குச் சற்றுக் குறைவானோர் ஜப்பானின் பல மாகாணங்களுக்கும் நாடுகடத்தப்பட்டனர். சுவானோ என்னும் இடத்தில், மூன்றடிக் கூண்டில் அடைக்கப்பட்டு ஒருவர் இறந்தார். மொரியாமா ஜின்சபுரோ என்பவரைப் பனிக்காலத்தில் உறைந்த குளத்தில் இறக்கினர், அவர் பிழைத்தார், பதினான்கு வயதுத் தம்பி பிழைக்கவில்லை. நாடுகடத்தப்பட்டோருள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலர் மனம் தளர்ந்து மறுத்ததும் உண்மை. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று.

மேனாடுகளுக்குச் சென்ற இவாகுராத் தூதுக்குழுவினர் செல்லுமிடமெல்லாம் இதனைக் குறித்த கண்டனத்தைக் கேட்டனர். 1873 பிப்ரவரி 24ஆம் நாள் தடைப் பலகைகளை அகற்ற ஆணை பிறந்தது. மனமாற்றத்தைவிட அரசியல் தேவையே அதில் மிகுதி. திரும்பி வந்தவர்கள் பாழடைந்த வீடுகளையும் தரிசான வயல்களையும் கண்டனர். தாம் பட்டதை அவர்கள் சிறையென்றோ வதையென்றோ சொல்லாமல் ‘தபி’ என்றனர். பயணம் என்பது அச்சொல்லின் பொருள்.

எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. குருமார் வந்தபின்னும், எங்கள் முன்னோர் ஒப்படைத்த வழியே எங்களுக்கு வழி என்று கூறி இகிட்சுகித் தீவிலும் கொத்தோத் தீவுகளிலும் ஒரு சாரார் பழைய ஒராஷோவையே ஓதி வந்தனர். இன்று அவர்கள் மிகச் சிலராகிவிட்டனர். இவர்களை வழிதவறியோர் என்று சிலர் எழுதியுள்ளனர். தந்தை உயிரைப் பணயம் வைத்துக் கற்பித்த சொல்லை, அதன் உச்சரிப்புப் பிழை என்று புதிதாக வந்த ஒருவர் திருத்தும்போது, மகனுக்கு எழும் தயக்கத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

உரகாமி மக்கள், முன்னர்த் தங்களைப் படத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி, அங்கே கோவில் எழுப்பத் தொடங்கினர். 1895இல் தொடங்கிய செங்கற்கட்டடம் 1914இல் முடிந்தது. இரட்டைக் கோபுரங்கள் 1925இல் நிறைவெய்தின. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் காலை 11 மணி 2 நிமிடத்திற்கு நாகசாகியின்மேல் வெடித்த அணுகுண்டு, அக்கோவிலிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் தொலைவில் வெடித்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளை முன்னிட்டு உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. அங்கத்தார் பன்னிரண்டாயிரம் பேருள் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டனர் என்பது கணக்கு. இடிபாட்டினின்று ஒரு மணியை உடையாமல் தோண்டியெடுத்து, கோவில் இல்லாத அந்த மேட்டிலேயே மரக்கால்களை நட்டுத் தொங்கவிட்டு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அடித்தனர். கோவில் 1959இல் மீண்டும் எழுந்தது. உடைந்துபோன மற்றொரு மணியின் இடம் மட்டும் எண்பது ஆண்டுகள் வெறுமையாகவே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பொருள் திரட்டி வார்ப்பித்துத் தந்த புதிய மணி 2025இல் அங்கே ஏற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், 11 மணி 2 நிமிடத்திற்கு, இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.