வன்னிக்குக் கம்பி வந்த கதை

லண்டனில் வாழும் தமிழர் ஒருவர் தமது வீட்டு இணைய இணைப்பை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவது இன்று பெரிய காரியமன்று. பிரித்தானியாவில் 2024 செப்டெம்பர் முதல், புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னாற் போதும். பழைய இணைப்பை நிறுத்தும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அங்கே பல நிறுவனங்கள் ஒரே கம்பி வலையமைப்பை வாடகைக்குப் பெற்றுச் சேவை வழங்குகின்றன. ஆகவே நிறுவனம் மாறினாலும் வீட்டுக்கு வரும் கம்பி பெரும்பாலும் மாறுவதில்லை. வன்னியிலுள்ள உறவினர் "நெற் சரியான ஸ்லோ" என்று குறைப்படும்போது, "வேறு கம்பனிக்கு மாறுங்கோவன்" என்று இவர்கள் சொல்லும் யோசனை இந்த அனுபவத்திலிருந்து பிறப்பது. அந்த யோசனை வன்னியில் ஏன் எளிதில் செல்லுபடியாவதில்லை என்பதற்கான விடை, அங்கே கம்பி வந்த வரலாற்றில் இருக்கிறது.

வன்னியில் தொலைத்தொடர்பு என்பது நெடுகிலும் ரயில் பாதையையும் பெருவீதியையும் ஒட்டியே வந்தது. வடபகுதி ரயில் பாதை 1905 இல் முழுமையடைந்தது. தந்திக் கம்பங்கள் பாதையோரமாக நின்றன. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்கள் அந்தக் கோட்டில் அமைந்தவை. ஒட்டுசுட்டானும் புதுக்குடியிருப்பும் துணுக்காயும் அதற்கு வெளியே இருந்தன. முல்லைத்தீவு நகரம் மாங்குளத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவு. முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. ஆயினும் இவ்விரு மாவட்டங்களின் நிலையான தொலைபேசிகள் இன்றும் யாழ்ப்பாணத்துக்குரிய 021 என்ற குறியீட்டையே கொண்டிருக்கின்றன. வவுனியாவுக்கு மட்டும் 024.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. வடக்கின் தொலைபேசித் தொடர்புகளும் அறுந்தன. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பற்றரிகூட அடங்கியிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பிரிந்த குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதங்கள் சென்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர், பாஸ் கிடைத்தால் வவுனியாவுக்கு வந்து, அங்குள்ள கொமினிக்கேசன் கடைகளில் அழைப்புக்காகக் காத்திருந்தனர்.

இதே காலத்தில்தான் நாட்டின் ஏனைய பகுதிகளில் தொலைத்தொடர்பு அரசின் ஏகபோகத்திலிருந்து விடுபட்டது. 1991 இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. இணையச் சேவை 1995 இல் தொடங்கியது. 1996 இல் சன்ரெல், லங்கா பெல் ஆகிய நிறுவனங்கள் கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியுடன் போட்டிக்கு வந்தன. மறு ஆண்டு ஸ்ரீ லங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. வாங்கியது. கொழும்பிலுள்ள ஒருவர் எந்த நிறுவனம் மலிவு, எது விரைவு என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிய ஆண்டுகளில், வன்னியில் ஒப்பிடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னி பெருநிலத்தின் பெரும்பகுதியில் மக்களே இல்லை. அவர்கள் வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

மீளக்குடியேறிய ஊர்களுக்குக் கம்பிக்கு முன்னர் கோபுரம் வந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தின் 699 சதுர கிலோமீற்றரில் 23 இலட்சம் பேர் வாழ்ந்தனர். முல்லைத்தீவில் ஏறக்குறைய 2,600 சதுர கிலோமீற்றருக்கு 92,000 பேர். வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பதற்கு எந்த நிறுவனமும் இத்தகைய இடத்தை முதலில் தெரிவு செய்யாது. ஒரு கோபுரத்தை நட்டால் பல கிராமங்களைத் தொட்டுவிடலாம்.

இதனால் வன்னியில் நிறுவனம் மாறுவது என்றால் பெரும்பாலும் தொழில்நுட்பத்தையே மாற்றுவதாகும். ஒரே கம்பியைப் பல நிறுவனங்கள் பகிரும் ஏற்பாடு இலங்கையில் பரவலாக வரவில்லை. ரெலிகொம் கம்பியை விட்டால் அடுத்தது கோபுரத்திலிருந்து வரும் நான்காம் தலைமுறை அலைவரிசை. அல்லது ஒரு கோபுரத்தை விட்டு இன்னொரு கோபுரம்.

வேகத்தைத் தீர்மானிப்பவை விளம்பரத்தில் உள்ள எண்கள் அல்ல. செப்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு, பரிவர்த்தனை நிலையத்துக்கு அருகே வினாடிக்கு 24 மெகாபிட் வரை தரக்கூடியது. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் அது ஓரிரு மெகாபிட்டாகத் தேய்ந்துவிடும். குளத்தையும் வாய்க்காலையும் ஒட்டி நீளமாக அமைந்த வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் ஐந்து கிலோமீற்றர் ஒரு தூரமே அல்ல. ஒளியிழையில் தூரம் இவ்வளவு பாதிப்பதில்லை. ஆனால் அது வாசல்வரை வந்திருக்க வேண்டும். கோபுரத்து அலைவரிசை, அதைப் பகிரும் எல்லோருக்கும் பொதுவானது. மாலையில் ஊரே வீடியோ பார்க்கும்போது அது மெலியும். தகரக் கூரையும் அடர்ந்த மரங்களும் அதை மேலும் குறைக்கும்.

ஆகவே மாற விரும்புவோர் முதலில் தமது வீட்டிலிருந்து எந்த நிறுவனத்தின் கோபுரம் அருகில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அயலவரின் சிம் அட்டையைச் சிறிது நேரம் வாங்கி, இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வேகத்தை அளந்து பார்க்கலாம். ரவுட்டரை அலுமாரிக்குள் வையாமல், கோபுரத்தை நோக்கிய ஜன்னலில் உயரமாக வைப்பதாலோ, கூரைக்கு மேல் அன்ரெனா பொருத்துவதாலோ பல வீடுகளில் நிறுவனத்தை மாற்றாமலே குறை தீரும். கணினியில் காட்டும் மெகாபைட் வேறு, விளம்பரத்தில் வரும் மெகாபிட் வேறு. முன்னையது பின்னையதின் எட்டு மடங்கு என்பதையும் நினைவிற் கொள்வது நல்லது.

இது பொழுதுபோக்குக்கான விடயம் அன்று. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கைப்பேசித் திரைக்கு மாறியபோது, சிக்னல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பும் இல்லாமற் போயிற்று. பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு கற்று வெளியேறும் இளைஞர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் சொந்த ஊரிலிருந்தே வேலை செய்வது, ஊரில் கிடைக்கும் வேகத்தில் தங்கியிருக்கிறது.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கையில் தொடங்கியது. வானம் தெரிந்தால் போதும், கம்பியோ கோபுரமோ வேண்டியதில்லை. ஒதுங்கிய கிராமங்களுக்கு இது உண்மையான மாற்றுவழிதான். ஆனால் அதன் கருவியின் விலை வன்னியின் விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு எட்டுவதாக இல்லை. வெளிநாட்டு உறவினர் உதவும் வீட்டுக்கு அது வரும்; அடுத்த வீட்டுக்கு வராது.

தெரிவு என்பது கம்பனிகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் எந்த நிறுவனம் மாலையில் என்ன வேகம் தருகிறது என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு அளந்து தமிழில் வெளியிட்டால், மாறுவதா இல்லையா என்பதை மக்கள் தாமே தீர்மானிப்பர். ஏ9 வீதியோரத்தில் நின்றுவிட்ட கம்பியை உள்ளூர்களுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பைச் சந்தை தானாக ஏற்காது. வீதியையும் நீரையும் போல அதையும் கேட்டுப் பெற வேண்டியவர்கள் அம்மக்களும் அவர்களது பிரதிநிதிகளுமே.