கடை எங்கே போடுவது?

பாண்டிச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா? வலை, ஐஸ் பெட்டி, டீசல் வாசனை, ஏலச் சத்தம். அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கிற இடம் அது. அதே ஆற்றின் தென்கரையில், கொஞ்ச தூரத்தில், தோப்புக்குள் அடக்கமாக ஒரு மேடு கிடக்கிறது. பெயர், அரிக்கமேடு.

1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே போனார். உள்ளூர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அவருக்கு அங்கே கிடைத்ததில் ஒரு கல், மனித முகம் செதுக்கியது. ‘அட, இது ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் ஆயிற்றே!’ என்று அசந்துபோனார் மனிதர். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டியதில் ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலியப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கண்ணாடி மணியும் கல் மணியும் செய்த கைவினைஞர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

இங்கேதான் ஒரு கேள்வி. மணி செய்யும் செம்மணிக்கல் அரிக்கமேட்டு மணலில் கிடைப்பதில்லை. தூரத்திலிருந்து சுமந்து வரவேண்டும். அப்படியிருந்தும் ஏன் இங்கே வந்து பட்டறை போட்டார்கள்? காரணம் ரொம்ப சிம்பிள். வாங்குகிறவனின் கப்பல் இங்கேதான் வந்து நின்றது. கல் இருக்கிற இடத்தைவிட, கண் இருக்கிற இடம் முக்கியம்!

கலைஞனுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் தீராத தலைவலி இதுதான். படம் வரைந்துவிடலாம், சிலை செதுக்கிவிடலாம். அதை எங்கே வைத்து யாரிடம் காட்டுவது? இடம் தப்பினால் அடுப்பு எரியாது, சார்!

பாண்டிச்சேரியை ஆண்ட பிரான்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரீஸில் ‘சலோன்’ என்று ஒரு கண்காட்சி நடக்கும். அரசாங்கத்தின் ஆசி பெற்றது. அதில் படம் தொங்கினால் பெயர், பணம், பதவி. தொங்காவிட்டால் நீங்கள் ஓவியரே இல்லை! 1863-ல் தேர்வுக்குழு ஏகப்பட்ட படங்களைத் தள்ளிவிட, ஒரே கூச்சல். மூன்றாம் நெப்போலியன், ‘தள்ளின படங்களையும் தனியாக மாட்டுங்கள், ஜனங்களே பார்த்து முடிவு செய்யட்டும்’ என்று சொல்லவேண்டியதாயிற்று. ஜனங்கள் வந்தார்கள். பார்த்தார்கள். பலர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்கள்!

1874-ல் மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ முதலான சுமார் 30 பேர் சேர்ந்து, ‘சலோனும் வேண்டாம், சாமியும் வேண்டாம்’ என்று கிளம்பினார்கள். நாதார் என்ற போட்டோகிராபர் காலி செய்திருந்த ஸ்டூடியோவில் சொந்தமாகக் கண்காட்சி வைத்தார்கள். தேர்வுக்குழு கிடையாது. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று ராத்திரியிலும் திறந்துவைத்தார்கள்.

ஒரு மாதத்தில் வந்தவர்கள் சுமார் 3,500 பேர். பத்திரிகைகள் கிண்டலடித்தன. மோனேயின் ஒரு படத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நக்கலாக வைத்த பெயர்தான் ‘இம்ப்ரஷனிஸ்ட்’. டிசம்பரில் கணக்குப் பார்த்தால், தலைக்கு 184 பிராங்க் சொச்சம் கடன்! சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். 1886-ல் துராண்ட் ருயெல் என்ற வியாபாரி சுமார் 300 படங்களைக் கப்பலேற்றி நியூயார்க் கொண்டுபோனார். அமெரிக்கர்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த ஓவியர்களில் பலருக்கு மூச்சு வந்தது. அதே படங்கள்தான். ஊர்தான் வேறு.

நம்ம ஊருக்கு வருவோம். 1960-களின் சென்னை. எழும்பூர் பக்கம் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி, கல்லூரியாகியிருந்தது. முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். அவருக்கு ஒரு கவலை. வருஷா வருஷம் திறமைசாலிப் பிள்ளைகள் படித்து வெளியே போகிறார்கள். அப்புறம்? நவீன ஓவியத்தை வாங்கி வீட்டில் மாட்டுகிற பழக்கம் சென்னையில் அநேகமாக இல்லை. காட்சிக்கூடங்களும் இல்லை என்றே சொல்லலாம். பையன் விளம்பர கம்பெனியிலோ, துணி டிசைன் வேலையிலோ சேர்வான். நாலு வருஷத்தில் தூரிகை காய்ந்துவிடும்.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி, பாத்திக். துணியில் மெழுகைத் தடவி, சாயத்தில் முக்கி, மெழுகை உருக்கி எடுத்து உருவம் கொண்டுவருகிற கலை. ‘படம்’ என்றால் தயங்குகிற குடும்பத்தலைவி, ‘துணி’ என்றால் கையில் எடுத்துப் பார்ப்பாள் இல்லையா? கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். கண்காட்சி வைத்து விற்றார்கள். போணியானது!

அந்தக் காசையும் சேர்த்துப் போட்டுத்தான் 1966-ல், மாமல்லபுரம் போகிற சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். இன்றைக்கு அது சுமார் 10 ஏக்கர். பெயர், சோழமண்டலம் ஓவியர் கிராமம். அப்போது அது வெறும் கடற்கரை மணல். கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு குடியேறினார்கள். கொஞ்ச நேரம் கைவினை, அது சோற்றுக்கு. மீதி நேரம் ஓவியம், சிற்பம், அது தனக்கு.

ஒன்றைக் கவனியுங்கள். பாரீஸ்காரர்கள் வாடகை இடத்தில் ஒரு மாதம் கடை விரித்தார்கள். இவர்கள் கடைக்கு அடியில் இருக்கிற மண்ணையே சொந்தமாக்கிக்கொண்டார்கள். வீடு, பட்டறை, காட்சிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில். யாரும் ‘நாளைக்குக் காலி பண்ணு’ என்று சொல்லமுடியாது. படம் விற்காத மாதத்திலும் கூரை இருக்கும். கிராமம் தழைத்ததற்கு அதுதான் முக்கியமான காரணம் என்பேன்.

எல்லோரும் அங்கேயே இருந்துவிட்டார்கள் என்றில்லை. வி. விஸ்வநாதன் பாரீஸ் போய்விட்டார். எஸ்.ஜி. வாசுதேவ் 1988-ல் பெங்களூர் போனார். ஒவ்வொருவரும் அவரவர் கண்களைத் தேடி! பணிக்கர் 1977-ல் காலமானார். அவருடைய மகன், சிற்பி நந்தகோபால் உள்ளிட்டோர் கிராமத்தைக் கட்டிக் காத்தார்கள். 2009-ல் அங்கே அருங்காட்சியகமே வந்துவிட்டது.

தேங்காய்த்திட்டுக்குப் பக்கத்திலேயே, முருங்கப்பாக்கத்தில், அதே ஆற்றங்கரையில் ஒரு கைவினைக் கிராமம் இருக்கிறது. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இங்கே படம் வரைகிற, மண் பிசைகிற இளைஞனுக்கு இன்றைக்கு வழிகள் நிறைய. கடற்கரைச் சாலை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, வெள்ளையர் தெருவில் கேலரி, ஆரோவில். எங்கே போவது?

வரலாறு சொல்கிற யோசனைகள் சில. கூட்டம் வேறு, வாங்குகிற கூட்டம் வேறு. ஆயிரம் பேர் நடந்து போகிற தெருவைவிட, பத்துப் பேர் நின்று பார்க்கிற திண்ணை மேல். கமிஷன் எவ்வளவு, விற்காத படம் எப்போது திரும்பி வரும், உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெட்கம் வேண்டாம். தனியாக வாடகை கட்ட முடியாதா? நாலு பேர் சேருங்கள். சேர்ந்து கடை போடும்போது, விற்காவிட்டால் நஷ்டத்தை எப்படிப் பிரிப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். 1874 பாடம்!

நீங்கள் வாங்குகிறவர் என்றால் உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை அந்தக் கடைகள் முன்னால் நின்று, முந்நூறு ரூபாய் பொம்மையை நூற்றைம்பதுக்குக் கேட்கும்முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அரிக்கமேட்டில் மணி கோத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் பெயர் கேட்கலாம். அவரும் சந்தோஷமாகச் சொல்வார்.