ஐந்து விநாடிக் காத்திருப்பு

அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கைப் பயன்படுத்திய பலருக்கும் அந்தச் சிறு பெட்டி நினைவிருக்கும். ஏதோ ஒரு செயலி உங்கள் சார்பில் மின்னஞ்சல் அனுப்ப முயல்கிறது, அனுமதிக்கலாமா என்று அது கேட்கும். நீங்கள் எதிர்பாராததாயின் அது வைரஸாக இருக்கக்கூடும், ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள் என்று அறிவுரையும் தரும். ‘ஆம்’ என்னும் பொத்தானோ மங்கிக் கிடக்கும். ஒரு பட்டை மெல்ல நிரம்பி, ஐந்து விநாடிகள் கழிந்த பின்னரே அதை அழுத்த முடியும். இந்தப் பெட்டியை ஒழிப்பது எப்படி என்று தேடியவர்கள் ஏராளம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அந்த வரலாற்றைத்தான் நாம் இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்க்க விரும்புகிறோம்.

தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்டின் அலுவலகச் செயலிகள் ஒன்றையொன்று இயக்கவல்லவையாக வடிவமைக்கப்பட்டன. வேர்டில் எழுதிய ஒரு மேக்ரோ அவுட்லுக்கைத் திறக்கலாம், முகவரிப் புத்தகத்தைப் படிக்கலாம், கடிதம் அனுப்பலாம். அலுவலகங்களுக்கு இது பெரிய வசதி. கேட்பவர் யார் என்று மட்டும் அவுட்லுக் விசாரிப்பதில்லை. வீட்டு ஆள் போலவே எவரும் உள்ளே போய்வரலாம்.

1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிஸா இந்தத் திறந்த வாசலின் வழியாகத்தான் நுழைந்தது. வேர்ட் கோப்பொன்றைத் திறந்தவுடன், அதனுள் இருந்த மேக்ரோ முகவரிப் புத்தகத்தின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. வேர்ட் 97 இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கையைக் கொண்டிருந்தது; மேக்ரோக்களை இயக்கலாமா என்று அது கேட்கத்தான் செய்தது. கேட்டவர்களுக்குப் பலரும் ‘இயக்கு’ என்றே பதில் சொன்னார்கள், தெரிந்தவரிடமிருந்து வந்த கோப்பல்லவா? இதை எழுதிய டேவிட் ஸ்மித் ஒரு வாரத்துக்குள் நியூஜெர்சியில் கைதானார். 2002இல் இருபது மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அடுத்து வந்தது காதல் கடிதம். 2000 மே 4 அன்று, மணிலாவில் தொடங்கி, பொழுது விடியும் திசையைப் பின்தொடர்ந்து ஹாங்காங், ஐரோப்பா, அமெரிக்கா என்று அலுவலகம் அலுவலகமாக அது போயிற்று. தலைப்பில் ‘ஐ லவ் யூ’. உள்ளே, நான் அனுப்பியுள்ள காதல் கடிதத்தைப் பாருங்கள் என்ற பொருளில் ஒரே வரி. இணைக்கப்பட்டிருந்த கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதுபோலத் தெரிந்தது. உண்மையில் அதன்பின் ‘விபிஎஸ்’ என்று இன்னொரு வால் இருந்தது. கோப்புகளின் வாலை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பான வழக்கம். வெறும் எழுத்துக்கோப்பு என்று எண்ணித் திறந்தவர் ஒரு நிரலை இயக்கினார். அது முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அதே கடிதத்தை அனுப்பியது; கணினியிலிருந்த படக்கோப்புகளின் மேல் தன்னை எழுதி அவற்றை அழித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை தன் மின்னஞ்சல் அமைப்பை நிறுத்திவைக்க நேர்ந்தது.

முன்பின் அறியாதவர் அனுப்பும் கடிதத்தைத் திறக்காதே என்னும் அறிவுரை இங்கே பயனற்றுப் போயிற்று. கடிதம் வந்ததோ பக்கத்து மேசைக்காரரிடமிருந்து. மேலதிகாரியிடமிருந்து காதல் கடிதம் பெற்றவர்கள் ஒரு கணமேனும் என்ன நினைத்திருப்பார்கள் என்பது தனிக் கதைக்கு உரிய பொருள்.

இதை எழுதியவர் ஓனெல் டி குஸ்மான் என்னும் பிலிப்பைன்ஸ் மாணவர். பிறருடைய இணையக் கடவுச்சொற்களைக் கைப்பற்றும் நிரலொன்றை ஆய்வுத்திட்டமாக முன்வைத்து, கல்லூரியால் நிராகரிக்கப்பட்டவர். இணைய இணைப்புக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்காக அதைச் செய்ததாகப் பின்னாளில் சொன்னார். அன்று அவரைத் தண்டிக்க அந்நாட்டில் பொருத்தமான சட்டமே இல்லை. 2000 ஜூன் மாதத்தில் சட்டம் வந்தது; நடந்து முடிந்த செயலுக்கு அது பொருந்தவில்லை. வழக்கு கைவிடப்பட்டது. தான்தான் அதைப் பரப்பியதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட செய்தி இருபது ஆண்டுகள் கழித்து, 2020இல் வெளியானது. அப்போது அவர் மணிலாவில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை நடத்திக்கொண்டிருந்தார்.

மைக்ரோசாஃப்டின் மறுமொழி அதே 2000 ஜூனில், அவுட்லுக் 98க்கும் 2000க்குமான பாதுகாப்புத் திருத்தமாக வந்தது. இயங்கவல்ல இணைப்புக் கோப்புகளை அது அடியோடு தடுத்தது. முகவரிகளைப் படிக்கவோ கடிதம் அனுப்பவோ வேறொரு செயலி முயன்றால் பயனரின் முன் பெட்டியை நிறுத்தியது. அந்த ஐந்து விநாடிக்குப் பொருள் உண்டு. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கானோரைச் சென்றடையும் புழுவை, மனிதனின் வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் அது. 2001இல் வந்த அவுட்லுக் 2002இல் இது உள்ளுறுப்பாகவே ஆகிவிட்டது.

ஆனால் கடிவாளம் புழுவுக்கும் கணக்கருக்கும் வேறுபாடு காணவில்லை. நாம் முன்னொரு காலத்தில் பணியாற்றிய அலுவலகத்தில், ஊதியச் சீட்டுகளை மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்ப ஆக்சஸில் ஒரு சிறு நிரல் இருந்தது. இருநூறு பேர், ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு ஐந்து விநாடி. பதினேழு நிமிடம் ஒருவர் அமர்ந்து ‘ஆம், ஆம்’ என்று அழுத்தியபடி இருப்பார். இரண்டாம் மாதத்திலேயே அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டே அழுத்தத் தொடங்கினார். அந்த நேரத்தில் உண்மையான புழுவே வந்து கேட்டிருந்தாலும் அதற்கும் ஓர் ‘ஆம்’ கிடைத்திருக்கும். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விடை தெரியாத கேள்வியை அவரிடம் கேட்டதுதான் பிழை.

உலகெங்கும் இதே அலுப்பு இருந்ததற்குச் சான்று, அதற்கு எழுந்த மருந்துகள். ‘எக்ஸ்பிரஸ் கிளிக்யெஸ்’ என்றொரு செயலி வந்தது. எச்சரிக்கைப் பெட்டி தோன்றும்போதெல்லாம் ‘ஆம்’ பொத்தானை அது தானே அழுத்தும். ‘ரிடெம்ப்ஷன்’ என்னும் நிரல்தொகுப்பு, காவல் இல்லாத வேறொரு வழியாக உள்ளே புகுந்து பெட்டியே தோன்றாமல் செய்தது. இவற்றை எழுதியவர்கள் திருடர்கள் அல்லர். நேர்மையான வேலையை நேரத்தில் முடிக்க விரும்பியவர்களுக்கு உதவியவர்கள்.

அவுட்லுக் 2007இல் மைக்ரோசாஃப்ட் நிலையை மாற்றிக்கொண்டது. கணினியில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இயங்கி, அது புதுப்பிக்கப்பட்டும் இருந்தால் பெட்டி தோன்றாது. இல்லையேல் மட்டுமே தோன்றும். இன்றும் பழைய அவுட்லுக்கில் இந்தப் பெட்டியைக் காண்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விருப்பத் தேர்வுகளில் ‘டிரஸ்ட் சென்டர்’, அதனுள் ‘ப்ரோகிராமேட்டிக் ஆக்சஸ்’ என்ற பகுதியில், வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் நிலை செல்லுமா செல்லாதா என்று ஒரு வரி இருக்கும். செல்லாது என்றிருந்தால் சீர்செய்ய வேண்டியது அந்த மென்பொருளை, பெட்டியை அன்று. விண்டோஸ் சர்வரில் இந்த நிலையை அறிவிக்கும் அமைப்பு இல்லாததால், அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் பெட்டி வரும். ‘ஒருபோதும் எச்சரிக்காதே’ என்னும் தேர்வு அதே பக்கத்தில் உண்டு. சாதாரணப் பயனருக்கு அது மங்கியே தெரியும், நிர்வாகி உரிமையோடு திறந்தால்தான் மாற்ற முடியும். அதைத் தொடாமலிருப்பதே நலம். நாம் எதையும் அனுப்பாத வேளையில் பெட்டி எழுந்தால், ‘இல்லை’ என்று அழுத்திவிட்டுக் கணினித் துறையினரை அழைக்க வேண்டும்.

2022இல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களுக்கும் இதே மாற்றம் நேர்ந்தது. ‘இயக்கு’ பொத்தானோடு கூடிய மஞ்சள் பட்டை போய், அந்தப் பொத்தானே இல்லாத சிவப்புப் பட்டை வந்தது. மெலிஸாவுக்குப் பின் இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கிலோ பிற செயலிகள் அப்படி நுழையும் அந்தப் பழைய வாசலே இல்லை. எனவே பெட்டியும் இல்லை. ஊதியச் சீட்டு அனுப்பும் நிரல் போன்றவையும் அதில் இயங்குவதில்லை. அவற்றை நம்பியிருக்கும் அலுவலகங்கள் பழைய அவுட்லுக்கைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்றன.