பத்து ரூபாய்ப் புதையல்

"பாட்டி வீட்டை இடிக்கிறோம், வரும்போது ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டு வாடா" என்றார் திருச்சானூர் மாமா. "கிடைச்சா கலெக்டர்கிட்ட சொல்லணுமே மாமா" என்றேன். போனிலேயே சிரித்தார்.

நிஜமாகவே சட்டம் அப்படித்தான். 1878-ல் வெள்ளைக்காரன் போட்டது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுதித் தரணும். மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். சொன்னால்? பழம்பொருள் என்று கலெக்டர் எடுத்துக்கொண்டால், உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தருவார். அவ்வளவுதான். சோழர் காசு என்றாலும் தங்கத்தின் எடைக்குத்தான் காசு! பிறகு யார் சொல்வார்கள்? நேரே சேட்டு கடை, உருக்கு.

இங்கே இங்கிலாந்தில் 1996 சட்டப்படி மியூசியம் சந்தை விலை கொடுக்கிறது. 2009-ல் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் டிடெக்டரோடு போய் ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலைக் கண்டார், சொன்னார். 32.85 லட்சம் பவுண்டு, வயல்காரருக்குப் பாதி. (யோக்கியதைக்கும் கொஞ்சம் கூலி வேண்டும்தானே!)

திருவானைக்காவல் கோயிலில் 2020-ல் குழி தோண்டும்போது 505 பொற்காசு ஒரு பாத்திரத்தில் கிடைத்து, அப்படியே அதிகாரிகளிடம் போனது. கோயில் வளாகம், பத்துப் பேர் கண் முன்னால். பூட்டிய வீட்டுக் கொல்லையில் கிடைத்திருந்தால் எண்ணிக்கையே தெரிந்திருக்காது.