அம்மன் காசும் 47 டன் தங்கமும்

கொஞ்சம் நீளமான இழை. டியூட்டி முடிஞ்சு உட்கார்ந்து எழுதறேன், பொறுமையா படிங்க.

இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன குடுமியான்மலை, 1948 மார்ச் 3 வரைக்கும் புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊர். தொண்டைமான் ஆட்சி, தனிக் காசு. அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்குல 'விஜய'. 20 காசு சேர்ந்தா ஒரு அணா.

உள்ளூர்ச் சந்தையில இந்தச் செப்புக் காசு செல்லும். வெளியூர்ல இருந்து பெரிய சரக்கு வரணும்னா பிரிட்டிஷ் ரூபாய் வேணும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில இந்தக் காசையே இங்கிலாந்துல, பர்மிங்ஹாம்ல அடிச்சுத்தான் கொண்டு வந்தாங்க. அடிச்ச கூலியை அம்மன் காசாவே கொடுத்தா அவன் வாங்குவானா?

உலகச் சந்தையில நம்ம ரூபாயும் கிட்டத்தட்ட அம்மன் காசுதான். கச்சா எண்ணெய்க்காரனுக்கு டாலர் வேணும். அதுக்காக ரிசர்வ் வங்கி சேர்த்து வைக்கிற டாலர், யூரோ, தங்கம் இதையெல்லாம்தான் அந்நியச் செலாவணிக் கையிருப்புன்னு சொல்றோம்.

அது தீர்ந்து போற நிலைமை நமக்கு 1991ல வந்தது. 1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள்ள புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது. குவைத்ல வேலை பார்த்த நம்மாட்கள் லட்சக்கணக்குல ஊர் திரும்பினாங்க, அவங்க அனுப்பின பணமும் நின்னு போச்சு. வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க ஆரம்பிச்சாங்க. 1991 ஜனவரியில் கையில இருந்தது சுமார் 120 கோடி டாலர். ஜூன் வாக்கில் இரண்டு மூணு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும்ங்கிற நிலை.

நம்ம வீட்ல என்ன செய்வோமோ அதைத்தான் நாடும் செஞ்சது. பீரோவைத் திறந்தது.

மே மாசம், சந்திரசேகர் அரசு 20 டன் தங்கத்தை ஸ்டேட் பேங்க் வழியா வெளிநாட்டுல வித்தது. திரும்ப வாங்கிக்கலாம்ங்கிற நிபந்தனையோட. கிடைச்சது சுமார் 20 கோடி டாலர். அது எந்தத் தங்கம் தெரியுமா? கடத்தல்காரங்ககிட்ட பறிமுதல் பண்ணி வெச்சிருந்தது! மீனம்பாக்கத்துல பிடிபட்ட பிஸ்கட்டும் அதுல இருந்திருக்கும்னு நானா நினைச்சுச் சிரிச்சுக்குவேன்.

ஆட்சி மாறியது. ஜூலை முதல் வாரத்துல ரூபாய் மதிப்பை இரண்டு தவணையா குறைச்சாங்க. 21 ரூபாயா இருந்த டாலர் 25ஐத் தாண்டியது. அதே மாசம் ரிசர்வ் வங்கியோட சொந்தத் தங்கம் 46.91 டன் விமானம் ஏறியது. பவுன் கணக்குல சுமார் 58 லட்சம். இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் அதை ஈடா வெச்சு சுமார் 40 கோடி டாலர் கொடுத்தாங்க. பத்திரம் எழுதித் தந்தா போதாது, பொருள் வந்தாகணும்னு கறார். அடகுக்கடைக்காரர் நகையை வாங்கிப் பூட்டாம பணம் தருவாரா?

அப்போ ரிசர்வ் வங்கி ஆளுநர் எஸ். வெங்கிட்டரமணன், துணை ஆளுநர் சி. ரங்கராஜன். ரகசியமா நடந்த வேலை. விஷயம் பத்திரிகையில வந்ததும் 'மானம் போச்சு'ன்னு ஊரே கொதிச்சது. என்னைக் கேட்டா, தங்கத்தை வெச்சதுல மானக்கேடு எதுவும் இல்ல. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா குறுகிய காலக் கடன்ல காலம் தள்ளினதுதான் தப்பு. கடனை அடைச்சுத் தங்கத்தை மீட்கச் சில மாசம்தான் ஆச்சு.

டாலர் தீர்ந்தா பெட்ரோல் கிடைக்காது, அவ்ளோதானேன்னு கேக்கறீங்களா? ஆஸ்பத்திரியில இருந்து பார்த்தா வேற மாதிரி தெரியும். எம்.ஆர்.ஐ மெஷினைக் குளிர வைக்கிற ஹீலியத்தை நாம கிட்டத்தட்ட முழுசா இறக்குமதிதான் பண்றோம். மாத்திரை நம்ம ஊர்ல தயாரானாலும் பல மூலப்பொருள் சீனாவுல இருந்து வருது.

2022ல இலங்கையைப் பாருங்க. மார்ச் கடைசியில பேராதனை போதனா மருத்துவமனை, மருந்து இல்லாம, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாதுன்னு அரசே அறிவிச்சது. அங்கே டாக்டர் இருந்தாங்க, தியேட்டர் இருந்தது. மருந்து வாங்க டாலர் இல்ல. மே மாசம் சென்னைத் துறைமுகத்துல இருந்து அரிசி, பால் பவுடரோட மருந்தும் ஏத்தி தமிழ்நாடு அரசு கப்பல் அனுப்பியது ஞாபகம் இருக்கும்.

நம்ம கையிருப்பு 2024 செப்டம்பர்ல 70,000 கோடி டாலரைத் தாண்டியது. இது முழுக்க நாம சம்பாதிச்ச லாபம் இல்ல. வெளிநாட்டு முதலீடா வந்ததும் கடனா வந்ததும் இதுல சேர்ந்திருக்கு. 2009ல ஐ.எம்.எஃப்.கிட்ட இருந்து 200 டன் தங்கம் வாங்கினோம். லண்டன் பெட்டகத்துல கிடந்த நம்ம தங்கத்துல 100 டன், 2023-24ல இந்தியா வந்து சேர்ந்தது. இந்தத் தடவை எந்தக் கடனும் அடைக்க வேண்டியிருக்கல. கொண்டு வந்து இங்கேயே பூட்டி வெச்சாங்க.