உடைந்த பல்லும் ‘கட்டு’ என்னும் சொல்லும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமியாகும். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கும். கண்மாய்களில் கருவேலம் அடர்ந்து நிற்கும். சுந்தரர் பாடிய திருச்சுழியலை அடுத்த பள்ளிமடத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை விளக்கெரிக்க ஆடு வழங்கிய செய்திகளைக் கூறுவன. ஆனால் அக்காலத்து உழவனொருவன் கம்பிற் கலந்த கல்லைக் கடித்துப் பல்லுடைத்துக்கொண்டால் யாது செய்தான் என்பதைக் கல் கூறாது. சொற்களையே துணைக்கொள்ள வேண்டியுள்ளது.

பல்லின் இன்றியமையாமையைத் தமிழ் இலக்கணம் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தது. தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துப் பிறக்கும் எட்டு நிலைகளுள் பல்லையும் ஒன்றாக வைக்கிறது. தகர நகரங்கள் மேற்பல்லின் அடியில் நாநுனி பொருந்தப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. ஆகவே மேல்வாய் முன்பல் உடைந்தவனுக்கு உணவினும் முன்னதாக ஒலி கெடும். ஓதுவார்க்கும் ஆசிரியர்க்கும் இஃது எளிய இழப்பன்று.

மருத்துவச் சான்று தேடுவோர் பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்குச் செல்வர். வீரராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து பறிப்போர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோரோடு நாவிதர் ஒருவரும் அங்குப் பணியாற்றினர். மருந்துப் பட்டியலில் செவிக்குரிய தைலம் பெயராலேயே விளங்குகிறது. பல்லின் பெயர் தாங்கிய மருந்து இல்லை. பல்லைப் பிடுங்கும் பணி நாவிதர் கையில் இருந்திருக்கலாம் என்பது எம் ஊகம். பிற்கால நாட்டுப்புற வழக்கு அதற்கு இடந்தருகிறது. எனினும் தொண்டை நாட்டுச் சான்றைப் பாண்டி நாட்டின்மேல் முழுதும் ஏற்றிக் கூறுதல் தகாது.

இவ்வட்டாரத்தார்க்குக் கருவேலம்பட்டையும் உப்பும் கிராம்பும் கைம்மருந்துகள். பட்டையின் துவர்ப்பு ஈற்றினை இறுக்கும். கிராம்பின் எண்ணெய் நோவைத் தணிக்கும். உடைந்த பகுதியை இவற்றுள் எதுவும் வளர்ப்பதில்லை. நெசவு மிகுந்த அருப்புக்கோட்டை போன்ற ஊரில், நூலைப் பல்லாற் கடித்தறுக்கும் பழக்கமுடையார் முன்பல்லில் நாளடைவில் பள்ளம் விழுதலும் இயல்பே.

கிணற்று நீராலும் பல் கெடுவதுண்டு. சென்னை மாகாணத்தின் சில பகுதிகளில் பல் மஞ்சளித்துக் கறைபடிவதற்கு நீரிலுள்ள ஃபுளோரைடே காரணம் என்பதை ஷார்ட் முதலியோர் 1937இல் வெளியிட்டனர். அந்நோய் முற்றிய பல் எளிதில் பொடிந்து சிதையும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். எலும்பு முறியின் ‘கட்டுப் போடுதல்’ என்பர். பல் போயின் ‘பல் கட்டுதல்’ என்பர். வினை ஒன்றே, பொருள் ஒன்றன்று. எலும்பில் உயிரணுக்கள் உள்ளமையால் கட்டியது கூடும். முளைத்த பல்லின் மேற்பூச்சாகிய எனாமலில் உயிரணுக்கள் இல்லாமையால் முறிந்த துண்டு தானே கூடாது. எனவே பல் கட்டுதலில் உள்ள ‘கட்டு’, பிணித்தலைக் குறியாது வீடு கட்டுதல் போல ஆக்குதலைக் குறித்தது எனச் சிலர் கொள்வர். செயற்கைப் பல்லை நோக்க அது பொருந்துவதே. ஆயினும் பழம்பொருள் அதுவெனத் துணிய எமக்கு மனமில்லை. பிற நாட்டுப் பண்டைப் புதைகுழிகளில் பொற்கம்பியால் அண்டைப் பல்லோடு பிணித்த பற்கள் கிடைத்துள்ளன. நம் நாட்டிலும் நூலோ கம்பியோ கொண்டு அசையும் பல்லைப் பிணித்திருத்தல் கூடும். இலக்கியச் சான்று தேடற்பாலது.

உடைந்ததை உள்ளபடி ஒட்டும் முறை அண்மையது. அமெரிக்க அறிஞர் புவனகோர் 1955இல் எனாமலைப் பாசுபாரிக் அமிலத்தால் சிறிது அரித்துப் பிசினை ஒட்டச் செய்தார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1953இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தோன்றியிருந்தது. இன்று உடைந்த துண்டு கிடைப்பின் அதனையே ஒட்டுகின்றனர். இன்றேல் பிசினால் வடிக்கின்றனர்.

வேரோடு விழுந்த நிலைப்பல்லோ வேறு. அதன் வேரைச் சுரண்டாது பாலிலிட்டு விரைந்து கொணர்ந்தால், குழியில் மீண்டும் பொருத்தி, மெல்லிய கம்பியால் அண்டைப் பற்களோடு சில நாள் பிணித்து வைப்பர். வேர்மேல் ஒட்டியுள்ள உயிரணுக்கள் பிழைத்திருப்பின் பல் பற்றிக்கொள்ளும். ‘கட்டு’ என்னும் சொல் எலும்பிற் போலவே பல்லிலும் பிணித்தற்பொருளில் நிற்குமிடம் இது.