ஆறு மில்லிமீட்டர் இரும்பு: ஒரு பழைய படகும் அது காப்பாற்றிய கால்வாயும்

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ட்ரை டாக்கில், தண்ணீர் வடிந்த பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே 57 அடி நீளப் படகு. அதன் அடியில் சர்வேயர் ஒருவர் குனிந்து, சின்னச் சுத்தியலால் தட்டுவார், ஒரு கருவியை இரும்பின் மேல் வைப்பார், வருகிற எண்ணை சாக்பீஸால் அங்கேயே எழுதுவார். 5.4, 5.1, 4.8 என்று போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம், என்ஜினுக்குக் கீழே வந்ததும் 3.6 என்று எழுதினார். ஒரு வட்டம் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

1986-ல் கட்டிய படகு. அன்றைக்கு அந்த இரும்பு 6 மில்லிமீட்டர். அதை வாங்கத்தான் வந்திருந்தேன்.

வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, படகில் இருந்தால் என்ன என்ற யோசனையில் தொடங்கிய விஷயம் இது. வீட்டில், "தண்ணில மிதக்குற தகர டப்பாவுக்கு இவ்வளவு காசாங்க?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. பதில் சொல்ல முடியாமல் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் படகை வாங்கலாம் என்று பார்க்கப் போனவன், இந்தப் படகுகள் இன்னும் ஏன் ஓடுகின்றன என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

ஏழு அடி அகலம்

இந்தப் படகை ஆங்கிலேயர்கள் நேரோபோட் என்கிறார்கள், ஒடுங்கிய படகு. 70 அடி நீளம்கூட இருக்கும், ஆனால் அகலம் ஏழு அடியைத் தாண்டாது. உள்ளே போனால் ரயில் பெட்டியின் நடைபாதை மாதிரிதான். ஏன் இப்படி?

1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் கால்வாய் வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் பக்கம் கொண்டுவந்தது. ஊரில் கரி விலை ஏறக்குறைய பாதியானது. சாலையில் குதிரை ஓரிரு டன்னுக்கு மேல் இழுக்காது. தண்ணீரில் அதே குதிரை 25, 30 டன் படகை அசையாமல் இழுத்துப் போகும். கணக்கு புரிந்த முதலாளிகள் ஊருக்கு ஊர் கால்வாய் வெட்டக் கிளம்பினார்கள். அவர்களுக்கு எஞ்சினியராக இருந்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. 1766-ல் சட்ட அனுமதி பெற்ற ட்ரெண்ட் அண்டு மெர்ஸி கால்வாயில், படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் 'லாக்'குகளை அவர் ஏழடி அகலத்தில் கட்டினார். லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய தொட்டி. தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், திறந்துவிட்டால் கீழே இறங்கும். தொட்டி குறுகலாக இருந்தால் கட்டுமானச் செலவும் குறைவு, தண்ணீர்ச் செலவும் குறைவு.

அன்றைக்கு மிச்சம் பிடித்த அந்த ஏழடிதான் இன்றைக்கும் நம் கட்டிலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது!

தாரும் குதிரைச் சாணமும்

ரயில் வந்ததும் கூலி விழுந்தது. கரையில் வீடு வைத்துக்கொள்ள முடியாத படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகிலேயே குடியேறினார்கள். சரக்குக்கு முக்கால் படகு. பின்னால் பத்தடி நீளம்கூட இல்லாத அறையில் மொத்தக் குடும்பம். 1877-லும் 1884-லும் இதற்காகவே பார்லிமென்டில் சட்டம் போட வேண்டியிருந்தது.

பெரும்பாலோர் கம்பெனிப் படகில் கூலிக்கு ஓடியவர்கள். சொந்தப் படகு வைத்திருந்த சிலரை 'நம்பர் ஒன்' என்று அழைத்தார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும், ஆனால் பராமரிப்பு முழுக்க அவர்கள் தலையில். மரப் படகு. பலகை இடுக்குகளில் தாரில் தோய்த்த நார் அடைக்க வேண்டும். நம் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கலப்பத்து என்பார்களே, அதே வேலை. தார், மாட்டு முடி, குதிரைச் சாணம் மூன்றையும் சூடாகக் குழைத்து 'சாலிகோ' என்று ஒரு பசை செய்து பலகையில் அப்புவார்கள். அந்த நாள்களில் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் கூலி கிடையாது. ஆனால் வேலையைத் தள்ளிப்போட்டால் சரக்கு நனையும். அப்புறம் சரக்கு தர யாரும் வர மாட்டார்கள்.

இன்றைக்கு இரும்புப் படகு. ஆனாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டாக்கில் ஏற்றி அடிப்பாகத்தில் கறுப்பு பிட்டுமென் அடிப்பதற்கு 'பிளாக்கிங்' என்றுதான் பெயர். மரம் போனாலும் தார் போகவில்லை.

ஒரு பழைய படகு, ஒரு பாலம்

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் பான்பரி ஊரில் டூலி குடும்பத்தின் படகுத் துறை இருந்தது. நம்பர் ஒன்களின் மரப் படகுகளைச் செப்பனிட்டுக் கொடுத்த இடம். 1939-ல் அங்கே கிரெஸ்ஸி என்ற படகு வந்து நின்றது. ஷ்ராப்ஷயர் யூனியன் கம்பெனியிடம் சரக்கு ஏற்றி ஓய்ந்துபோய், கை மாறி வந்த மரப் படகு. அதை வைத்திருந்தவர் எல்.டி.சி. ரோல்ட், எஞ்சினியர், புதுசாகக் கல்யாணம் ஆனவர். ஃபோர்டு மாடல் டி மோட்டார் காரின் என்ஜின்தான் அதற்கும் என்ஜின். டூலி குடும்பத்தார் உதவியோடு அதை வீடாக மாற்றி, அந்தக் கோடையில் மனைவி ஆஞ்சலாவோடு கிளம்பினார். செப்டம்பரில் உலகப் போர் வந்துவிட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றி ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' 1944 டிசம்பரில் வெளியானது. படித்த ராபர்ட் ஐக்மன் அவருக்குக் கடிதம் எழுதினார். 1945-ல் டார்டிபிக் என்ற இடத்தில் கிரெஸ்ஸி கட்டிக் கிடந்தபோது நேரில் சந்தித்தார்கள். அடுத்த வருஷமே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1947 மே மாதச் சம்பவம். பர்மிங்காம் அருகே லிஃபோர்டில், ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் குறுக்கே தாழ்வாக ஒரு நிரந்தரப் பாலம். அடியில் படகு போக முடியாது. கால்வாயின் சொந்தக்காரர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. ஆனால் சட்டப்படி கால்வாயைப் படகுகளுக்குத் திறந்து வைத்திருப்பது அவர்கள் கடமை. ரோல்ட் சண்டை போடவில்லை. இன்ன தேதியில் நான் வருகிறேன் என்று முறைப்படி தெரிவித்துவிட்டுப் படகோடு போய் நின்றார். ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்க வேண்டியதாயிற்று. அடியில் கிரெஸ்ஸி நுழைந்து போனது. பிறகு மற்றப் படகுக்காரர்களும் இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பழைய மரப் படகு மிதந்துகொண்டிருந்ததால்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் இருந்தது. பிளாக்கிங்கைத் தள்ளிப்போட்டு கிரெஸ்ஸி மூழ்கியிருந்தால் அந்தப் பாலத்தைத் தூக்கச் சொல்லி யார் போய் நின்றிருப்பார்கள்?

ஒரு டிக்கெட்டின் மதிப்பு

1948-ல் கால்வாய்கள் தேசியமயமாயின. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கிய குளிர் மார்ச் வரை விடவில்லை. கால்வாய்கள் உறைந்து, சரக்குப் படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. சரக்கு லாரிக்குப் போய்விட்டது. 1963-ல் அரசு வாரியம் தன் நேரோபோட் சரக்குத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டது. வேலை போன படகுகள் மலிவாகக் கை மாறின. வாங்கியவர்கள் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், வீடு கிடைக்காதவர்கள். சரக்கு இடத்தில் கூரை போட்டுக் குடிபோனார்கள்.

இவர்கள் ஓட்டியதால் என்ன நடந்தது என்பதற்கும் அதே ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாய்தான் சாட்சி. அதன் தெற்குப் பாதியை மூடிவிடலாம் என்று 1958-ல் கவுண்டி கவுன்சில் கிளம்பியது. மூன்று வருஷமாக அதில் படகே போகவில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் ஒரு சின்னத் துடுப்புப் படகு காசு கட்டிப் போயிருந்தது, அதற்கான டிக்கெட்டும் இருந்தது. வாதம் விழுந்தது. நேஷனல் டிரஸ்ட் பொறுப்பேற்க, தன்னார்வலர்களும் ராணுவ வீரர்களும் சிறைக் கைதிகளும் சேறு அள்ளி, 1964-ல் கால்வாய் திறந்தது. 1968-ல் வந்த போக்குவரத்துச் சட்டம், சரக்கே இல்லாத கால்வாய்களிலும் ஒரு பெரும் பகுதியை உல்லாசப் படகுகளுக்காகப் பராமரிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. இன்றைக்கு 2,000 மைல் நீர்வழியை ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அதில் ஏறக்குறைய 35,000 படகுகள்.

நம்ம ஊரோடு இதற்கு ஒரு விட்டகுறை தொட்டகுறை உண்டு. கிரெஸ்ஸியைச் சரக்குக்கு ஓட்டிய ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய், 1847 முதல் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் குத்தகையில் இருந்தது. 1853 முதல் 1861 வரை அந்த ரயில்வேயின் தலைவராக இருந்தவர்தான் பின்னாளில் சென்னை கவர்னராக வந்த பக்கிங்ஹாம் கோமகன். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயர்தான். விறகும் உப்பும் ஏற்றி அதில் படகுகள் போயின. நான் மயிலாப்பூரில் பார்த்து வளர்ந்தபோது படகு கிடையாது. சாக்கடையும், நடுக்கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்களும்தான். தூண் நடும்போது, நாளைக்கு வருகிறேன் வழிவிடு என்று கேட்க அங்கே ஒரு படகு இல்லை.

சுண்டைக்காய் கால் பணம்

சரி, வாங்க நினைப்பவர்களுக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய படகுக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் இரும்பு. இப்போதைய படகுகளுக்கு 10/6/4 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கவாட்டு 6, மேலே 4. பழசில் அடித்தகடும் மெல்லிசாக இருக்கும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழுப் பாதுகாப்பு தராது. அப்போது மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்குச் சில ஆயிரம் பவுண்டு. படகின் பக்கத்தில் மக்னீசியம் கட்டிகள் இருக்கும். அவை தாம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தேய்ந்துபோயிருந்தால் அரிப்பு இரும்பில் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கரைமின்சாரம் எடுக்கும் படகில், பக்கத்துப் படகோடு மின்வழித் தொடர்பு ஏற்பட்டு அரிப்பு வேகமாகும். அதைத் தடுக்கும் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது காகிதம். காருக்கு இருப்பது மாதிரி கட்டாய ஆர்.சி. புத்தகம் இந்தப் படகுகளுக்குக் கிடையாது. விற்றவர் கொடுத்த ரசீதுகளின் சங்கிலிதான் உரிமைக்கு ஆதாரம். பாதுகாப்புச் சான்றிதழ் நாலு வருஷத்துக்கு ஒருமுறை. இன்சூரன்ஸ் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். நிரந்தரமாகக் கட்ட இடம் இல்லையென்றால் 1995 சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது தினசரி வேலை. சுழலி தண்டு வெளியே போகும் ஓட்டையில் கிரீஸ் முறுக்க வேண்டும். சுழலியில் சிக்கும் குப்பையை எடுக்க ஒரு மூடி உண்டு. எடுத்துவிட்டுச் சரியாக மூடாமல் கிளம்பினால் படகு மூழ்கிவிடும். லாக்கில் இறங்கும்போது பின்பக்கம் கல்திட்டில் மாட்டினாலும் அதே கதி.

3.6

அந்தப் படகை நான் வாங்கவில்லை. சர்வே சரியாக வந்தால்தான் வியாபாரம் என்று முன்பே எழுதி வாங்கியிருந்ததால் முன்பணம் திரும்பி வந்தது. சர்வேக்கும் டாக்குக்கும் கட்டிய காசு போனது போனதுதான். கடைசி பிளாக்கிங் எப்போது என்று விற்றவரிடம் கேட்டேன். "ஞாபகம் இல்லை" என்றார். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அக்டோபரில் அந்தப் படகை மறுபடி பார்த்தேன். ஓய்வுபெற்ற தம்பதி, விலையைக் குறைத்து வாங்கி, அடியில் புதுத் தகடு வைத்திருந்தார்கள். அந்த அம்மா கையெல்லாம் தாராக நின்றுகொண்டு, "வாங்கின விலையில பாதி அடித்தகட்டுக்கே போயிடுச்சு" என்று சிரித்தார். நான் ஒரு பிரஷ் எடுத்து அரை மணி நேரம் கூட வேலை செய்தேன். சாக்பீஸ் வட்டம் இருந்த இடத்தைத் தேடினேன், தெரியவில்லை.

பான்பரிக்குப் போக வாய்த்தால் டூலி துறையைப் பாருங்கள். இப்போது ஷாப்பிங் மால் ஒன்றின் நடுவில் இருக்கிறது. நான் இன்னொரு படகு பார்த்து வைத்திருக்கிறேன், 1994-ல் கட்டியது. இந்த முறை போனில் முதல் கேள்வியே பிளாக்கிங் ரசீது இருக்கிறதா என்பதுதான். மூன்று இருக்கிறதாம். அடுத்த வாரம் போகிறேன்.